சென்ட்ஓஎஸ், ரெட் ஹாட், ஐபிஎம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பதினைந்து வருடமாக என் பிழைப்பு. அவற்றில் பெரும்பாலானவை சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் ஓடியவை. 2020 டிசம்பரில் அதை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்த பிறகு எனக்கு வந்த போன்களில் பாதி ஒரே சந்தேகத்தைச் சுற்றித்தான் இருந்தன: "கம்பெனி வாங்கிவிட்டதாமே, இனி இதை நம்பலாமா?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஐபிஎம் லினக்ஸை வாங்கிவிட்டதாமே, உண்மையா?

இல்லை. ஐபிஎம் வாங்கியது ரெட் ஹாட் என்ற நிறுவனத்தை. 2018 அக்டோபர் 28 அன்று அறிவித்தார்கள், 2019 ஜூலை 9 அன்று விற்பனை முடிந்தது. பங்குக்கு 190 டாலர் வீதம் மொத்தம் ஏறத்தாழ 3,400 கோடி டாலர்.

லினக்ஸ் என்பது, கறாராகச் சொன்னால், கெர்னல் மட்டும்தான், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது, இன்று பல ஆயிரம் பேர் எழுதிய நிரல் அதில் இருக்கிறது. அந்தக் கெர்னலோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்து, நேராக நிறுவும்படி ஒரே கட்டாகத் தருவதுதான் டிஸ்ட்ரோ. ரெட் ஹாட் 1990-களிலிருந்து அந்த வேலையைச் செய்கிறது. அவர்களுடைய முக்கியச் சரக்கு ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ். எங்கள் தொழிலில் சுருக்கமாக "ரெல்" என்போம். வங்கி, தொலைபேசி நிறுவனம், பங்குச் சந்தை என்று பெரிய இடங்களில் ஓடுவது அது. சந்தா கட்டினால் புதுப்பிப்பும் உதவியும் கிடைக்கும்.

அப்போ சென்ட்ஓஎஸ் யாருடையது? அதுவும் ரெட் ஹாட் தானே?

ஆரம்பத்தில் இல்லை. ரெல்லின் மூல நிரலை, அதாவது புரோகிராமர்கள் எழுதிய வடிவத்தை, ரெட் ஹாட் எல்லோரும் எடுக்கும்படி வெளியிட்டுவந்தது. 2003, 2004 வாக்கில் சிலர் அதை எடுத்துத் தாங்களே கம்பைல் செய்து (ஓடும் மென்பொருளாக மாற்றி) இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு பொது நூலகம்கூட, தன் சொந்தக் கணினிகளுக்காக, ஒயிட் பாக்ஸ் என்ற பெயரில் இதைச் செய்தது. அந்த முயற்சிகளில் நிலைத்து நின்றது 2004-ல் வந்த சென்ட்ஓஎஸ்.

கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஒவ்வொரு மூலப் பொதியையும் (ஒரு மென்பொருளின் நிரல் கட்டு) திறந்து ரெட் ஹாட்டின் சிவப்புத் தொப்பிப் படம், பெயர், பூட் ஆகும்போது வரும் வரி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். படமும் பெயரும் டிரேட்மார்க், அவற்றுக்கு நிரலின் உரிமம் பொருந்தாது. பிறகு ரெட் ஹாட் எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரிப் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) பதிப்பு வைத்துக் கட்டியதோ அதையே வைத்துக் கட்ட வேண்டும். ஒரு லைப்ரரி மாறினாலும் வேறு பண்டம் வந்துவிடும். குறிக்கோள் என்னவென்றால், ரெல்லில் இருக்கிற பிழைகூட அதே இடத்தில் இருக்க வேண்டும். கடைசியில், கட்டியது தாங்கள்தான் என்று காட்ட, தங்கள் சொந்த டிஜிட்டல் சாவியால் ஒப்பமிட வேண்டும். 2005-ல் ரெட் ஹாட் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதம் வந்த பிறகு, சென்ட்ஓஎஸ் தளத்தில் ரெட் ஹாட் என்ற பெயரையே எழுதாமல் "வட அமெரிக்காவின் பிரபலமான ஒரு எண்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம்" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நிரலை எடுக்கத் தடையில்லை, பெயரைத் தொட முடியாது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், கீழே பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

இலவசமாகக் கிடைத்த ஒன்றை எப்படி இத்தனை பேர் நம்பினார்கள்?

பத்து வருடம். அதுதான் காரணம். ரெல்லின் ஒரு பதிப்புக்குப் பத்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அந்தத் திருத்தங்கள் சென்ட்ஓஎஸ்ஸுக்கும் வந்து சேரும். கணக்கு மென்பொருள் ஓடும் சர்வரை ஒருமுறை நிறுவிவிட்டால் அந்த இயந்திரத்தின் ஆயுள் முழுக்க அடித்தளத்தை மாற்ற வேண்டியதில்லை. ரெல்லுக்கு என்று எழுதப்பட்ட டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்), டேட்டாபேஸ், பொறியியல் மென்பொருள் எல்லாம் இதிலும் ஓடும்.

பெரிய இடங்களும் நம்பின. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகமும் அமெரிக்காவின் ஃபெர்மிலேபும் முதலில் சயின்டிஃபிக் லினக்ஸ் என்று தனியாகவே ஒன்றை ரெல் மூலத்திலிருந்து கட்டிவந்தன. 2019 ஏப்ரலில் ஃபெர்மிலேப், "எட்டாம் பதிப்பை நாங்கள் கட்டப்போவதில்லை, சென்ட்ஓஎஸ் 8-க்குப் போகிறோம்" என்று சொல்லிவிட்டது. ஒரு துகள் இயற்பியல் ஆய்வகமே தன் அடுப்பை அணைத்துவிட்டு இங்கே சாப்பிட வந்தது என்றால், நம்மைப் போன்றவர்கள் நம்பியதில் ஆச்சரியம் என்ன?

2020-ல் உண்மையில் என்னதான் நடந்தது?

சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தது 2019 செப்டம்பர் 24. அதன் புதுப்பிப்பு 2029 மே மாதம் வரை என்று தளத்தில் போட்டிருந்தது. 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு: சென்ட்ஓஎஸ் 8 அடுத்த வருடம், 2021 டிசம்பர் 31-உடன் முடிகிறது, இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான். ஒரே நாளில் ஏழரை வருட ஆயுள் போய்விட்டது.

கோபம் வந்ததற்குக் காரணம் நிறுத்தியது அல்ல. "சென்ட்ஓஎஸ் 9 வராது" என்று மட்டும் சொல்லியிருந்தால் ஏமாற்றமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். வெளியிட்டு ஒரு வருடம் ஆன பதிப்பின் முடிவுத் தேதியை, மக்கள் நிறுவி முடித்த பிறகு, முன்னதாக இழுத்ததுதான் பொறுக்கவில்லை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பட்டியலில் ஒரு தேதி. சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்தத் தேதிதான் எல்லாமே. முறையாக ஏழிலிருந்து எட்டுக்கு மாறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள், சோம்பலாக ஏழிலேயே இருந்தவர்களுக்கு 2024 ஜூன் வரை நேரம் இருந்தது.

ஸ்ட்ரீம் என்கிறார்களே, அதையே போட்டுக்கொண்டால் என்ன?

ஆற்றை வைத்துச் சொல்கிறேன். மேலே மலையில் ரெட் ஹாட் ஆதரிக்கும் ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோ. புதியது எல்லாம் முதலில் அங்கே வரும். நடுவில் ஸ்ட்ரீம். கீழே சமவெளியில் ரெல். பழைய சென்ட்ஓஎஸ் ரெல்லுக்கும் கீழே இருந்தது, அதாவது ரெல்லில் வந்து தெளிந்த தண்ணீர்தான் அதில் வரும். ஸ்ட்ரீமில் அடுத்த ரெல் துணைப்பதிப்புக்கான மாற்றங்கள் முன்கூட்டியே வந்துவிடும்.

ஸ்ட்ரீம் மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். ஃபேஸ்புக் தன் சர்வர்களை அதில்தான் ஓட்டுகிறது. ஆனால் அவர்களிடம் கெர்னலையே திருத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது ரெல்லின் ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்காகக் கட்டிய ஸ்டோரேஜ் டிரைவர் ஒன்று. ஸ்ட்ரீமில் கெர்னல் முன்னே நகர்ந்ததும் அது ஏறாமல் போகலாம். ஆயுளும் பாதிதான்: ஸ்ட்ரீம் 8 முடிந்தது 2024 மே 31. ரெல் 8-க்கு 2029 மே வரை ஆயுள்.

இது ஐபிஎம் பண்ணின வேலைதானே? ரெட் ஹாட் தானாக இப்படிச் செய்யாது.

நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். வாங்கி ஒன்றரை வருடத்துக்குள் நடந்ததால் அந்தச் சந்தேகம் இயல்பானது. ஆனால் ரெட் ஹாட்காரர்கள் இது தங்கள் முடிவு என்றே சொல்லிவருகிறார்கள். பழைய வரலாறும் அவர்கள் பேச்சுக்கு ஓரளவு துணை நிற்கிறது. 2006-ல் டேட்டாபேஸ் நிறுவனமான ஆரக்கிள் ரெல் மூலத்தை எடுத்துத் தன் பெயரில் கட்டி, குறைந்த விலைக்கு உதவி தருகிறோம் என்று கடை போட்டது. அதன் பிறகு, 2011 வாக்கில், ரெல் கெர்னலில் தாங்கள் செய்த திருத்தங்களைத் தனித்தனியாகக் கொடுக்காமல் எல்லாவற்றையும் கலந்து ஒரே மூட்டையாகக் கொடுக்க ஆரம்பித்தது ரெட் ஹாட். எந்தத் திருத்தம் எதற்கு என்று வெளியில் இருப்பவர் பிரித்தறிவது கஷ்டம். இது ஐபிஎம் வருவதற்கு ஏழெட்டு வருடம் முன்பு.

என்னைக் கேட்டால், 2018-ஐப் பார்ப்பதே தவறான இடத்தில் தேடுவது. சென்ட்ஓஎஸ் கைமாறியது 2014 ஜனவரியில். அந்த மாதம் சென்ட்ஓஎஸ் திட்டம் ரெட் ஹாட்டோடு இணைந்தது. முக்கிய டெவலப்பர்கள் ரெட் ஹாட் ஊழியர்கள் ஆனார்கள். சென்ட்ஓஎஸ் என்ற பெயரும் டிரேட்மார்க்கும் ரெட் ஹாட்டிடம் போயின. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அவர்களுடையது. அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஏறத்தாழ ஏழு வருடம் கழித்து நடந்தது, வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவர் வீட்டைப் பற்றி எடுத்த முடிவு.

2014-ல் பெயரைத் தூக்கிக் கொடுத்தது முட்டாள்தனம் இல்லையா?

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போது அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "அப்பாடா" என்றவர்களில் நானும் ஒருவன். ஏன் என்று சொல்கிறேன்.

2009 ஜூலையில் சென்ட்ஓஎஸ் டெவலப்பர்கள் தங்கள் தளத்திலேயே ஒரு பகிரங்கக் கடிதம் போட்டார்கள். திட்டத்தின் டொமைன் பெயரும் நன்கொடைக் கணக்கும் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன, அவரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்று. சில நாட்களில் அவர் வந்து பேசித் தீர்த்தார்கள். ஆனால் லட்சக்கணக்கான சர்வர்கள் ஒரே ஒருவர் போன் எடுப்பதை நம்பி இருந்தன என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்து, ரெல் 6 வந்தது 2010 நவம்பரில், சென்ட்ஓஎஸ் 6 வந்தது 2011 ஜூலையில். எட்டு மாதம்! சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து கட்டுகிறவர்களால் அவ்வளவுதான் முடியும். அவர்களுக்குச் சம்பளமும் இயந்திரங்களும் தருகிறோம் என்று ஒருவர் வந்தபோது ஒப்புக்கொண்டார்கள். குறை அவர்களிடம் மட்டும் இல்லை. பயன்படுத்திச் சம்பாதித்த எங்களில் எத்தனை பேர் அந்தப் பத்து வருடத்தில் பத்து டாலர் அனுப்பினோம்?

மூல நிரல் திறந்ததுதானே? அதை எப்படிப் பூட்ட முடியும்?

இது 2023 ஜூன் 21-க்குப் பிறகு வந்த கேள்வி. அன்று ரெட் ஹாட், "இனி பொதுவில் ஸ்ட்ரீம் மூல நிரல் மட்டும்தான், ரெல்லின் மூல நிரல் சந்தாதாரர்களுக்கு அவர்கள் கணக்கு வழியாகக் கிடைக்கும்" என்று அறிவித்தது.

லினக்ஸ் கெர்னல் உட்படப் பல திறந்த மென்பொருள்கள் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகின்றன. அது சொல்வதை நிதானமாகப் படித்தால், "யாருக்கு மென்பொருளைக் கொடுத்தாயோ அவருக்கு மூல நிரலையும் கொடு" என்றுதான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் போட வேண்டும் என்று இல்லை. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் போட்டது ரெட் ஹாட்டின் வழக்கம், சட்டக் கட்டாயம் அல்ல. அது வரை சரி. சிக்கல் அடுத்த படியில்தான். வாங்கியவருக்கு அந்த நிரலைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் ஜிபிஎல் தருகிறது. ரெட் ஹாட்டின் சந்தா ஒப்பந்தமோ, அப்படிக் கொடுத்தால் சந்தாவையே ரத்துசெய்ய இடம் வைத்திருக்கிறது. "உரிமை உனக்கு உண்டு, பயன்படுத்தினால் நாளைக்குப் புதுப்பிப்பு கிடைக்காது" என்பதுதான் பொருள். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் ஆறாவது பிரிவு, மேற்கொண்டு கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்கிறது. இது அந்தக் கட்டுப்பாடா, இல்லை வியாபாரத் தொடர்பை நிறுத்தும் சாதாரண உரிமையா என்பதில் விவரம் தெரிந்தவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். சட்டத்தின் எழுத்து எப்படி இருந்தாலும், நூறு கைகள் எழுதிய ஒன்றைப் பகிர்ந்ததற்காக ஒருவரைத் தள்ளிவைப்பது அந்த உரிமத்தின் மனசாட்சிக்கு விரோதம் என்பது என் உறுதியான கருத்து.

அல்மாவா, ராக்கியா? எதைப் போடலாம்?

இரண்டும் சென்ட்ஓஎஸ் விட்ட இடத்தை நிரப்ப அந்த 2020 டிசம்பரில் பிறந்த இலவச டிஸ்ட்ரோக்கள். சென்ட்ஓஎஸ்ஸின் தொடக்கத்தில் இருந்த கிரெகரி குர்ட்சர், அறிவிப்பு வந்த உடனேயே ராக்கி லினக்ஸைத் தொடங்குவதாகச் சொன்னார். சென்ட்ஓஎஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான, காலமாகிவிட்ட ராக்கி மெக்காவின் நினைவாக அந்தப் பெயர். அல்மாலினக்ஸ், கிளவுட்லினக்ஸ் என்ற நிறுவனம் பணம் போட்டு ஆரம்பித்தது. அல்மா 2021 மார்ச் 30-லும் ராக்கி அதே வருடம் ஜூன் 21-லும் பயன்பாட்டுக்கு வந்தன.

2023-க்குப் பிறகு இருவரும் வேறு வேறு வழியில் போனார்கள். ராக்கி, ரெல்லின் அச்சு நகலாகவே இருப்போம் என்றது. பொதுவில் கிடைக்கும் கன்டெய்னர் படிமங்கள் (மென்பொருளை அதன் சூழலோடு அடைத்த கட்டுகள்), கிளவுடில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ரெல் இயந்திரங்கள் ஆகியவற்றின் வழியாக மூல நிரலைப் பெறலாம் என்றார்கள். அந்த 2023 ஆகஸ்ட்டில் குர்ட்சரின் சிஐக்யூ, ஆரக்கிள், இன்னொரு லினக்ஸ் நிறுவனமான சூசே மூன்றும் சேர்ந்து, இப்படிப்பட்ட மூல நிரலைப் பொதுவில் தர ஓப்பன் இஎல்ஏ என்ற அமைப்பை உண்டாக்கின. அல்மாவோ அச்சு நகல் என்ற குறிக்கோளையே விட்டுவிட்டது. ரெல்லுக்கு எழுதியது எங்களிடம் ஓடினால் போதும், பிழை ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்றது. இதனால் ஒரு நன்மை: ரெட் ஹாட்டுக்காகக் காத்திருக்காமல் சில பாதுகாப்பு ஓட்டைகளை முன்பே அடைக்க முடிகிறது. பழைய இயந்திரக்காரர்களுக்கு இன்னொன்று: ரெல் 10 பழைய சிபியூக்களைக் கைவிட்டது, அல்மா 10 அவற்றுக்கும் ஒரு தனிப் பதிப்பு கட்டித் தருகிறது. பத்து வருடத்துக்கு மேலான பழைய சர்வரை இன்னும் ஓட்டும் நம் ஊர் அலுவலகங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. செர்னும் ஃபெர்மிலேபும் 2022 டிசம்பரில் அல்மாவைப் பரிந்துரைத்தன. நானும் பெரும்பாலும் அல்மாதான் போடுகிறேன்.

ரெல்லையே இலவசமாகப் போடவும் வழி உண்டு. 2021 பிப்ரவரி முதல் தனிநபர் டெவலப்பர் கணக்கில் 16 இயந்திரம் வரை உற்பத்திப் பயன்பாட்டுக்கே அனுமதி இருக்கிறது. ஆனால் அது தனிநபருக்கு. வாடிக்கையாளரின் நிறுவனத்துக்கு உங்கள் பெயரில் போட்டுக்கொடுக்காதீர்கள்.

நாளைக்கு அல்மாவையும் யாராவது வாங்கிவிட்டால்?

சரியான கேள்வி. யாரைக் கேட்டாலும் "நாங்கள் சமூகத்துக்கே சொந்தம்" என்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: பெயர் யாருடையது, ஒப்பமிடும் சாவி யாரிடம், கட்டும் இயந்திரங்களுக்கு யார் காசு கட்டுகிறார்கள். அல்மாவின் பெயர் கிளவுட்லினக்ஸிடம் இல்லை, உறுப்பினர்கள் வாக்களித்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் லாபநோக்கற்ற அறக்கட்டளையிடம் இருக்கிறது. ராக்கியின் அமைப்பு சட்டப்படி ஒரு பொதுநல நிறுவனமாகப் பதிவானது. அதைத் தொடங்கியவரே சிஐக்யூ என்ற வணிக நிறுவனத்தின் தலைவராகவும் இருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். அவர் மீது எனக்கு அவநம்பிக்கை இல்லை, ஆனால் அமைப்பை ஆளை வைத்து எடைபோடக் கூடாது என்பதை 2009 கற்றுக்கொடுத்தது.

பெயர் கம்பெனியிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சயனோஜென்மாட் சாட்சி. ஆண்ட்ராய்டு போன்களுக்குத் தன்னார்வலர்கள் கட்டிய அந்த ரோமை (போனின் இயங்குதளத்தை) பலர் விரும்பிப் போட்டார்கள். 2013-ல் அதை வைத்து ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டு, பெயர் அதனிடம் போனது. 2016 டிசம்பர் இறுதியில் நிறுவனம் சேவைகளை மூடியது. நிரல் அப்படியே இருந்தது, அதை எழுதியவர்களும் இருந்தார்கள், ஆனால் தாங்கள் வளர்த்த பெயரைப் பயன்படுத்த முடியவில்லை. லினேஜ்ஓஎஸ் என்று புதுப் பெயர் வைத்து அதே நிரலிலிருந்து தொடர்ந்தார்கள்.

நான் லேப்டாப்பில் உபுண்டு வைத்திருக்கிறேன். எனக்கும் இந்தப் பயம் வேண்டுமா?

உபுண்டுவும் ஒரு டிஸ்ட்ரோதான். அதன் பெயர் கனானிக்கல் என்ற தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. அதனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளும் அங்கேயும் பொருந்தும். ஆனால் உபுண்டுவின் அடியில் இருப்பது டெபியன் என்ற பழைய டிஸ்ட்ரோ. 1993-ல் தொடங்கிய டெபியன் எந்தக் கம்பெனியும் இல்லை. தலைவரை டெவலப்பர்கள் வருடா வருடம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெயரை ஒரு லாபநோக்கற்ற அமைப்பு வைத்திருக்கிறது. விற்பதற்கு அங்கே ஆளே இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு டிஸ்ட்ரோக்காரர்கள் உபுண்டு மேல் ஒரு பதிப்பும் நேராக டெபியன் மேல் இன்னொரு பதிப்பும் கட்டுகிறார்கள். இரண்டாவதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள்: உபுண்டு ஒருநாள் இல்லாமல் போனாலும் மின்ட் நிற்க வேண்டும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மேல்தான் நிற்கிறது.

மைக்ரோசாஃப்ட் மாதிரி ஒரு கம்பெனி கெர்னலையே வாங்கிவிட முடியாதா?

யாரிடம் வாங்குவது? கெர்னலின் பதிப்புரிமை ஒரே இடத்தில் இல்லை. இத்தனை வருடம் அதற்கு எழுதிய ஒவ்வொருவரிடமும், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனங்களிடமும் சிதறிக் கிடக்கிறது. உரிமத்தை மாற்ற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். சிலர் இறந்தும் போய்விட்டார்கள். திட்டமிட்டுச் செய்ததோ இல்லையோ, இதுதான் பெரிய பாதுகாப்பு. லினக்ஸ் என்ற பெயரையும் ஒருவர் தன் பெயரில் பதிந்துகொண்டு பணம் கேட்ட சம்பவம் 1990-களில் நடந்தது. வழக்காடி, 1997-ல் அந்த டிரேட்மார்க் டோர்வால்ட்ஸ் பெயருக்கு வந்தது.

எல்லோரும் தங்கள் பதிப்புரிமையில் ஒரே நிறுவனத்துக்குப் பங்கு எழுதிக்கொடுக்கும் திட்டங்களில் நிலைமை வேறு. சன் நிறுவனத்தின் ஓப்பன் சோலாரிஸ் என்ற இயங்குதளம் அப்படிப்பட்டது. ஆரக்கிள் 2010 ஜனவரியில் சன்னை வாங்கி முடித்தது, அதே ஆகஸ்ட்டில் ஓப்பன் சோலாரிஸின் கதை முடிந்தது. அதுவரை வெளிவந்த நிரலை வைத்து இலுமோஸ் என்று சிலர் பிழைக்கவைத்தார்கள். ஆனால் ஆரக்கிள் அதன் பிறகு எழுதியது எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கம்பெனிக் காசு இல்லாமல் லினக்ஸ் வளராது. நீங்கள் ஏன் கம்பெனிகளைத் திட்டுகிறீர்கள்?

திட்டவில்லை. கெர்னல், திரையில் தெரிவதைப் பார்த்துக்கொள்ளும் ஜினோம், வேலேண்ட், இயந்திரம் தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி என்று நாம் தினமும் தொடும் பலவற்றை எழுதியவர்களில் நிறையப் பேருக்கு ரெட் ஹாட் சம்பளம் கொடுத்தது, இன்றும் கொடுக்கிறது. ரெல் போடாத டெபியன்காரரும் அதன் பலனை அனுபவிக்கிறார். அது பெரிய கொடை, மறுப்பவர் நன்றி கெட்டவர்.

என் கவலையும் அங்கேதான் இருக்கிறது. பெயர் போனால் புதுப் பெயர் வைக்கலாம். நிரலைப் பிரித்தெடுத்துத் தொடரலாம். ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இத்தனை திட்டங்களின் ஆட்கள் இருக்கும்போது, அந்தப் பட்டியலில் ஒரு கோடு போட்டால் அதற்கு மாற்று இல்லை. 2023 ஏப்ரலில் ரெட் ஹாட் ஏறத்தாழ நான்கு சதவீதம் ஊழியர்களை அனுப்பியது. ஃபெடோராவின் வெளியீட்டு அட்டவணையை முழுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பதவியும் அதில் போனது. யாரும் மூல நிரலைப் பூட்டவில்லை. ஆனால் வேலை தெரிந்த ஓர் ஆள் அடுத்த நாள் அங்கே இல்லை. இதற்கு எந்த உரிமத்திலும் பிரிவு கிடையாது.

எங்கள் ஆபீஸில் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 ஓடுகிறது. யம் அப்டேட் கொடுத்தால் எரர் வருகிறது. என்ன செய்வது?

யம் என்பது பொதிகளை இறக்கி நிறுவும் கட்டளை. "மிரர்லிஸ்ட் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்றுதானே வருகிறது? உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை. சென்ட்ஓஎஸ் 7 சொன்ன தேதியில், 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதோடு மிரர் (பொதிகளின் நகல் வைத்திருக்கும் சர்வர்) பட்டியல் தரும் சர்வரையும் நிறுத்திவிட்டார்கள். பொதிகளை எங்கே எடுப்பது என்று சொல்லும் ரெப்போ கோப்புகளில் மிரர்லிஸ்ட் என்று தொடங்கும் வரிகளின் முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டு மூடுங்கள். பேஸ்யூஆர்எல் வரிகளின் முன்னால் உள்ள ஹேஷை எடுத்துவிட்டு, முகவரியில் "மிரர்" என்ற இடத்தில் "வால்ட்" என்று மாற்றுங்கள். யம் வேலை செய்யும். ஆனால் அது பழைய பொதிகளை எடுக்கத்தான், புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது.

அல்மாவின் எலிவேட் என்ற கருவி இருந்த இடத்திலேயே ஏழிலிருந்து எட்டுக்கு ஏற்றும். முதலில் நகல் எடுத்த ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். இயங்குதளம் பெரும்பாலும் ஏறிவிடும், உடைவது உங்கள் சொந்த மென்பொருள்தான். இணையப் பக்கங்கள் எழுதும் பிஎச்பி மொழி ஏழில் 5.4, எட்டில் 7.2-ல் தொடங்குகிறது. பழைய நிரலில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்கள் 7.0-லேயே நீக்கப்பட்டுவிட்டன. லாகின் பக்கம் திறந்து, பட்டனை அழுத்தியதும் வெள்ளையாக நின்றால் இதுதான் காரணம். அந்த நிரலை எழுதியவர் இன்னும் தொடர்பில் இருந்தால் சர்வரைத் தொடும் முன் அவருக்குப் போன் போடுங்கள். இல்லையென்றால் மென்பொருளைத் திருத்தி முடிக்கும்வரை பழைய சர்வரை இணையத்திலிருந்து துண்டித்து, ஆபீஸுக்கு உள்ளே மட்டும் ஓடவிடுங்கள்.